சட்டைத் துணி எடுக்கும்போது ஓர நூலை உருவிப் பாருங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வேலைக்குப் போட்டுப்போக ஐந்து முழுக்கைச் சட்டை அளவு கொடுத்துத் தைக்கப் போகிறாராம். நூறு சதம் காட்டனாக வேண்டும். ஆனால் ஈரோட்டிலும் கோவையிலும் கடை கடையாக ஏறி இறங்கினால், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் வெள்ளைத் துணிக்கு ஒருத்தர் மீட்டர் 200 ரூபாய் சொல்கிறார், இன்னொருத்தர் 900 சொல்கிறார். இதில் எதை நம்புவது, கவுண்ட் கூடினால் தரமும் கூடுமா என்பது அவர் கேள்வி.

கூடாது. கவுண்ட் நூலின் பருமனைச் சொல்லும் எண், அவ்வளவுதான். காடா (வெளுக்காத, சாயமேற்றாத துணி) எடுத்து, பிராசசிங் கொடுத்து, மீட்டர் கணக்கில் விற்கிற தொழிலிலேயே இருக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுசும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கடைக்காரர் சொல்வதையெல்லாம் கேளுங்கள், ஆனால் துணியின் வெட்டு ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவிப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

முதலில் இந்தக் கவுண்ட் கணக்கு. ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை இருக்கிறதோ அதுதான் நம்பர். 40 சிட்டம் என்றால் 40-ஆம் நம்பர், 100 சிட்டம் என்றால் 100-ஆம் நம்பர். ஆக நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும். மெலிசாக நூற்க நல்ல பஞ்சு வேண்டும், அதனால் விலையும் ஏறும், அதெல்லாம் சரி. ஆனால் மெலிசான துணி சட்டைக்கு உழைக்குமா என்பது வேறு சங்கதி. இங்கேதான் இரட்டை நூல் வருகிறது. 100-ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கினால் அது 2/100, அதன் பருமன் 50-ஆம் நம்பர் ஒற்றை நூலுக்குச் சமம். 2/80 என்றால் ஒற்றை 40-க்குச் சமம். பருமன் ஒன்றுதான் என்றாலும் துணி ஒன்றல்ல. ஒரு நூல் மெலிந்து போகும் இடத்தை இன்னொன்று தாங்கிக்கொள்வதால் இரட்டை நூல் சீராக இருக்கும், பலமாக இருக்கும், பிசிறும் குறைவு, பல துவைப்புக்குப் பிறகும் மேல்பரப்பு வழவழப்பாகவே நிற்கும்.

"இது நூறு கவுண்டுங்ணா" என்று துணியைத் தட்டி விரித்துப் போடுவார்கள். ஒற்றை நூறா இரட்டை நூறா என்று கேளுங்கள், பாதிக் கடையில் பதில் வராது. ஒற்றை நூறில் நெய்தது தொட்டால் பட்டாக இருக்கும், ஆனால் பனியன் கோடு வெளியே தெரியும், அக்குளில் சீக்கிரம் விட்டுப் போகும். சில துணிகளில் பாவு (நீளவாக்கு நூல்) மட்டும் இரட்டை, ஊடை (குறுக்குவாக்கு நூல்) ஒற்றை. அது ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், நடுத்தர விலையில் நல்ல துணிகூட அப்படி வருவதுண்டு. ஆனால் அதற்கு முழு இரட்டை நூல் துணியின் விலையைக் கொடுக்கக் கூடாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டின ஓரத்தில் ஊசி நுனியால் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என இரண்டு இழை உருவிக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலம் போதும், சாம்பிள் துண்டிலிருந்து எடுத்தால் கடைக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார். இழையின் ஒரு முனையை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்திப் பிடித்து, மறு முனையை முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாக உருட்டுங்கள். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் உருட்டிப் பாருங்கள், ஒரு பக்கம் இறுகும், இன்னொரு பக்கம் இளகும். இளகிக்கொண்டே வரும்போது இரட்டை நூல் தெளிவாக இரண்டாகப் பிரிந்து நடுவில் வெளிச்சம் தெரியும், பிரிந்த இரண்டும் தனித்தனி நூலாகவே நிற்கும். ஒற்றை நூல் அப்படிப் பிரியாது, பஞ்சாக இளகி, லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். அந்தப் பிய்ந்த நுனியையும் விட்டுவிடாதீர்கள். நல்ல பஞ்சு என்றால் நுனியில் நீள நீளமாக மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மட்டமான பஞ்சு என்றால் குட்டைக் குட்டையாக விரலில் ஒட்டிக்கொண்டு உதிரும். கடைக்காரரின் கால்மணி நேரப் பேச்சைவிட அந்த இரண்டு அங்குலம் அதிகம் சொல்லிவிடும்.

பஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. 1888-ல் கோவைக்கு முதல் ஸ்பின்னிங் மில் வந்த காலத்திலிருந்து நம் பகுதி பஞ்சோடுதான் பிழைக்கிறது, ஆனாலும் இங்கே நூற்கிற பஞ்சில் பெரும்பங்கு குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானாவிலிருந்துதான் லாரியில் வருகிறது. குஜராத்தின் சங்கர்-6 ரகப் பஞ்சின் இழை 28, 29 மில்லிமீட்டர் நீளம் இருக்கும், 40-ஆம் நம்பருக்கும் 60-ஆம் நம்பருக்கும் அது நன்றாகவே போதும். 80-க்கு மேல் போக வேண்டுமென்றால் இன்னும் நீண்ட இழை வேண்டும், டிசிஎச்-32, சுவின், இல்லையென்றால் எகிப்தின் கிசா, அமெரிக்காவின் பீமா. இதில் சுவின் நம் ஊர்ச் சரக்கு. கோவைப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் சுஜாதா ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் இணைத்து உருவாக்கி 1974-ல் வெளியிட்ட ரகம், உலகத்தின் நீண்ட இழைப் பருத்திகளோடு சேர்த்துப் பேசப்படுவது. கோவைப் பையன் கோவையில் உட்கார்ந்துகொண்டு "எகிப்து காட்டன் இருக்குங்களா" என்று கேட்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் சுவின் பயிராகும் பரப்பு மிகவும் குறைவு, விலையும் அதற்கேற்ப. ஆகவே மலிவாக சுவின் என்று யாராவது நீட்டினால் சந்தேகப்படுங்கள். கிசா என்று லேபிள் ஒட்டியதற்கும் அதே கதைதான். 2016-ல் இந்தியாவிலிருந்து போன படுக்கை விரிப்புகள் எகிப்துப் பருத்தி இல்லை என்று தெரிந்து ஒரு பெரிய அமெரிக்கக் கடைத்தொடர் அந்த ஏற்றுமதி நிறுவனத்தோடு உறவையே முறித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால் கடைவீதியில் ஒட்டியிருக்கும் தங்க நிற ஸ்டிக்கருக்கு என்ன மதிப்பு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாட்டுப் பருத்தி வேண்டும், கருங்கண்ணியில் சட்டை தைக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தாராளமாகத் தைக்கலாம், ஆனால் அது இழை குட்டையான பஞ்சு, நூல் பருமனாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை போட அருமையான சட்டை, பேண்ட்டுக்குள் விட்டு அயர்ன் மடிப்போடு ஆபீஸ் போகிற சட்டைக்கு அது ஆகாது.

அடுத்து கார்டட் (கோம்பிங் செய்யாதது), கோம்ப்டு (செய்தது). கோம்பிங் என்றால் நூற்பதற்கு முன்னால் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிடுவது. அதில் கணிசமான பஞ்சு கழிவாகப் போய்விடும், அதனால்தான் விலை கூடுகிறது. (அந்தக் கழிவும் வீணாவதில்லை, பருமன் நூல் நூற்கிற ஓ.ஈ. மில்களுக்குப் போய் லுங்கியாகவும் பெட்ஷீட்டாகவும் திரும்பி வரும்.) சட்டைக்குக் கோம்ப்டுக்குக் கீழே போகவே வேண்டாம். துணியைக் கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். அங்கங்கே நூல் தடித்தும் மெலிந்தும் கோடுகோடாகத் தெரிகிறதா, குட்டி முடிச்சுகளும் கறுப்புத் துகள்களும் தெரிகின்றனவா என்று பாருங்கள். நல்ல கோம்ப்டு துணியில் வெளிச்சம் சீராக இறங்கும். காம்பாக்ட் நூல் என்று சொன்னால் இன்னும் நல்லது, பிசிறு குறைவாக வரும்படி நூற்றது.

சாம்பிள் கார்டில் 40/40, 132/72 என்கிற மாதிரி எண்கள் இருந்தால் மிரள வேண்டாம். முதல் இரண்டும் பாவு, ஊடை நூலின் நம்பர். அடுத்த இரண்டும் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை இழை என்பது. 60-ஆம் நம்பர் நூலைப் போட்டுவிட்டு இழையைக் குறைத்து நெய்தால் துணி மெலிசாகவும் மலிவாகவும் வரும், கஞ்சியில் விறைப்பாக நிற்பதால் கடையில் தெரியாது. பிக் கிளாஸ் என்கிற பூதக்கண்ணாடி வைத்து எண்ணலாம், அது இல்லாவிட்டால் இரண்டு கட்டைவிரலையும் துணியில் பக்கத்தில் பக்கத்தில் ஊன்றி எதிரெதிராக இழுத்துப் பாருங்கள். இழைகள் விலகி நடுவில் சந்து விழுந்து, விட்ட பிறகும் மூடாமல் இருந்தால் அந்தத் துணி தோள்பட்டைத் தையலில் கண்டிப்பாக விலகும்.

நெசவு வகையில் ரொம்பக் குழம்ப வேண்டாம். பாப்ளின் சாதா நெசவு, மெலிசு, காற்றோட்டம், வெயிலுக்கு ஏற்றது, கசங்கும். ட்வில் சாய்வுக் கோடு தெரிகிற நெசவு, உடம்பில் விழுந்து நிற்கும், கசங்கல் குறைவு, வெள்ளையில்கூட உள்ளே தெரியாது. ஆக்ஸ்போர்டு கனமானது, கோட்டுப் போடாமல் ஜாலியாகப் போடுகிற சட்டைக்கு. டாபி, அதாவது குட்டி டிசைன் போட்டு நெய்தது, கல்யாணம் காட்சிக்கு. ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை வெயிலில் பஸ்ஸில் போய் வருகிறவருக்கு சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கிராம் வரை உள்ள பாப்ளின்தான் சரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கிக்கொண்டு கோவையில் ஏசி ஆபீசில் உட்காருகிறவர் 130, 140 கிராம் ட்வில் தாராளமாகப் போடலாம்.

நூறு சதம் காட்டன்தானா என்பதைத் தீக்குச்சியில் சோதிப்பது பழைய முறை, இன்றைக்கும் அதுவே போதும். உருவின நூலைப் பொசுக்குங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறினதும் கறுப்பு மணியாக இறுகும். கலப்பு என்றால் சாம்பலுக்குள் நெருடும். பாவையும் ஊடையையும் தனித்தனியாகப் பொசுக்க வேண்டும், ஏனென்றால் ஒன்றில் மட்டும் கலந்திருப்பார்கள். விசேஷத்துக்கு வந்து பீரோவில் கிடக்கும் பெட்டிச் சட்டை பிட்டை எடுத்துத் தைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். சீரில் வந்தது என்பதற்காக டெரிகாட்டன் என்கிற பாலியஸ்டர் கலப்பு காட்டனாகிவிடாது. விஸ்கோஸ், ரேயான் மட்டும் பருத்தி மாதிரியே எரியும். அதை நனைத்து இழுத்தால் தெரியும், ஈரத்தில் ரேயான் நூல் சட்டென்று அறும், பருத்தி ஈரத்தில் இன்னும் பலமாகும்.

இனி பினிஷிங். இங்கேதான் கண்ணை ஏமாற்றுவார்கள். மெர்சரைஸ் செய்த துணிக்கு வரும் பளபளப்பு நிலையானது. காஸ்டிக் சோடாவில் இழுத்துப் பிடித்து நனைத்து எடுக்கும்போது பருத்தி இழையே உருண்டையாகிவிடுகிறது, சாயமும் நன்றாக ஏறும், பலமும் கூடும். ஜான் மெர்சர் 1850-ல் காப்புரிமை வாங்கிய முறையிலிருந்து வளர்ந்தது இது. கேலண்டர் என்கிற சூட்டு உருளையில் அழுத்தின பளபளப்பு அப்படியல்ல, நாலு துவைப்பில் போய்விடும். கஞ்சி ஏற்றி மொடமொடப்பாக்கினதும் அப்படித்தான். துணியை இரண்டு கையாலும் கசக்கித் தேய்த்து, கறுப்புப் பேண்ட்டின் மேல் உதறிப் பாருங்கள், வெள்ளைப் பொடி விழுந்தால் நீங்கள் காசு கொடுப்பது கஞ்சிக்கு. சாம்பிள் துண்டு ஒன்று வாங்கி வந்து வீட்டில் வெந்நீரில் சோப்புப் போட்டு அலசிக் காய வைத்துப் பார்ப்பது இதைவிட உத்தமம். தொள்ளாயிரம் ரூபாய்த் துணிக்கு அந்தச் சிரமம் எடுக்கலாம்.

சுருக்கம்தான் தைக்கிற சட்டைக்குப் பெரிய எதிரி. ரெடிமேடில் அது கம்பெனிக்காரன் தலைவலி, இங்கே உங்கள் தலைவலி. சான்போரைஸ் செய்த, அதாவது முன்கூட்டியே சுருக்கிக் கொடுத்த துணி, பிராசசிங்கில் ஜீரோ ஜீரோ என்பார்கள், அது ஒரு சதத்துக்குள்தான் சுருங்கும். செய்யாதது ஐந்து சதம்கூடப் போகும், அதிலும் நீளவாக்கில் கூடுதலாக. 30 அங்குலச் சட்டையில் ஐந்து சதம் என்றால் ஒன்றரை அங்குலம். 16 அங்குலக் காலரில் மூன்று சதம் போனாலே கிட்டத்தட்ட அரை அங்குலம், மேல் பட்டன் போட முடியாது. ஆகவே ஜீரோ ஜீரோ என்று சத்தியம் செய்தாலும் சரி, வெறும் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, தேய்த்து டைலரிடம் கொடுங்கள். நம் ஊர் டைலர்களில் வயசானவர்கள் "நனைச்சுட்டுக் கொண்டாங்க சாமி" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். காலருக்குள் வைக்கும் கேன்வாசையும் நனைக்கச் சொல்லுங்கள், துணி சுருங்காமல் கேன்வாஸ் சுருங்கினால் காலர் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், பிறகு எந்த அயர்ன் பாக்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஒட்டுகிற கேன்வாஸ் என்றால் நனைக்கக் கூடாது, நல்லதாகப் பார்த்து வைக்கச் சொல்ல வேண்டும்.

கல் உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். சாயப்பட்டறையில் ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது நூல் சாயத்தை வாங்கிக்கொள்ள உப்புப் போடுவார்கள், வாஸ்தவம்தான், நொய்யலுக்குப் போன உப்பெல்லாம் அந்த உப்புதான். ஆனால் ஏற்கெனவே சாயமேற்றி முடித்த துணிக்கு உங்கள் வாளியில் போடுகிற கைப்பிடி உப்பு எதுவும் செய்யாது. சாயம் போகுமா என்று பார்க்க, வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கித் துணியின் மேல் அழுத்தித் தேய்த்தால் போதும், அது கடையிலேயே முடிகிற வேலை. கோடும் கட்டமும் எடுத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், நூலுக்குச் சாயம் போட்டு நெய்தது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், பிரிண்ட் பின்னால் வெளிறியிருக்கும்.

ரிங்கிள் ஃப்ரீ வேண்டுமா? எனக்குப் பிடிக்காது, அதனால் என் பேச்சைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். பருத்தி கசங்காமல் இருக்க ரெசின் என்கிற ரசாயனப் பிசினை ஏற்றுகிறார்கள், அதில் இழையின் பலம் குறையும், வேர்வை உறிஞ்சுவதும் குறையும். துணியைக் கைக்குள் வைத்துப் பத்து விநாடி இறுக்கிவிட்டு விடுங்கள். மடிப்பே விழவில்லை என்றால் அது ரெசின் அல்லது பாலியஸ்டர். மெல்லிய மடிப்பு விழுந்து மெதுவாகத் தளர்ந்தால் அது நல்ல பருத்தி.

அளவு: 58 அங்குல அகலத் துணியில் நடுத்தர உடம்புக்கு முழுக்கைச் சட்டை 1.60 மீட்டர், கொஞ்சம் பருமன் என்றால் 1.80. 36 அங்குலம் என்றால் இரண்டே கால் முதல் இரண்டரை வரை வேண்டும். மீட்டர் விலையை ஒப்பிடும்போது இந்த அகலத்தைப் பார்க்காமல் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். பெரிய கட்டம் என்றால் பாக்கெட்டிலும் முன்பட்டியிலும் கட்டம் சேர்வதற்குக் கால் மீட்டர் கூட எடுங்கள்.

எங்கே வாங்குவது என்றால், திருப்பூர் பனியன் ஊர், சட்டைத் துணிக்கு ஈரோடுதான். கனி மார்க்கெட் வாரச் சந்தை திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரை, சில்லறைக்குப் போகிறவர் செவ்வாய் காலையில் வெளிச்சத்தில் போங்கள், ராத்திரி டியூப்லைட்டில் எல்லா வெள்ளையும் நீலம் பாய்ந்து நன்றாகத்தான் தெரியும். கோவையில் ஒப்பணக்கார வீதி, ராஜ வீதியில் பழைய மீட்டர் துணிக் கடைகள் உண்டு, அங்கே உட்கார்ந்து கேட்டால் பொறுமையாகச் சொல்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏற்றுமதி மிச்சம், கட் பீஸ் என்று கிடைப்பதில் சில நேரம் அருமையான 2/100 மாட்டும், ஆனால் ஒரே துணிச் சுருளில் நிறம் மாறியிருக்கும், முழுதாக விரித்துப் பார்க்க வேண்டும்.

தம்பிக்கு என் யோசனை: ஐந்து சட்டைக்கும் ஒரே துணி வேண்டாம். 2/80 அல்லது 2/100 கோம்ப்டு பாப்ளினில் வெள்ளை ஒன்று, வெளிர்நீலம் ஒன்று, ட்வில்லில் இரண்டு, மிச்சம் ஒன்று 60-ஆம் நம்பர் ஒற்றை நூலில் நூல் சாயமிட்ட கோடு. 2/140, 2/170 என்று மெலிசாகப் போக வேண்டாம், அது தினமும் பைக்கில் போகிறவருக்கான துணியே இல்லை. முதலில் ஒன்றைத் தைத்து மூன்று தடவை துவைத்துப் பாருங்கள், பிறகு மற்ற நாலுக்கும் டைலரிடம் அளவைத் திருத்தச் சொல்லலாம். அப்புறம், வெள்ளையில் மட்டும் ஒரு கால் மீட்டர் கூடுதலாக எடுத்து, அதையும் நனைத்து, வெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல துணியில் உடம்பு போவதற்கு முன்னால் காலர்தான் தேயும், மிச்சத் துணி கையில் இருந்தால் எந்த டைலரும் அரை நாளில் புதுக் காலர் போட்டுக் கொடுத்துவிடுவார்.